தலைகீழ்த் தோரணம்

12.02.1979
ஆசுப்பத்திரியில் இவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்றும் வாகை மரத்தடியில் மேல்வீட்டு ஜீப். எங்கள் மொறிஸ் மைனர் காரை வெளிவாசல் மணலில் விட்டுவிட்டு நடந்தேன். எனக்கென்ன, நடப்பேன். இவர்? முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள்; வீடு வரும்போது ஊன்றுகோல் மணலில் புதையும். இந்தத் தொடர்மாடி முற்றத்தில் சீமெந்து போட்ட இடம் அந்த மரத்தடி ஒன்றுதான். எங்கள் கீழ்வீட்டுக் கதவு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

14.02
மேல்வீட்டு யோகலிங்கத்திடம் கேட்டேன். படித்த பிள்ளை, அரசாங்க எஞ்சினியர். "முதல் வாறவருக்குத்தான் இடம் எண்டு எல்லாரும் சேர்ந்துதானே டீச்சர் முடிவெடுத்தது" என்றார். உண்மைதான். அன்றைக்குக் கை உயர்த்தியவர்களில் என் மனிசனும் ஒருவர், அப்போது இரண்டு காலோடு.
குசினிக்குள் வந்த பிறகுதான் சொல்ல வேண்டிய பதில்கள் அடுக்கடுக்காக வருகின்றன.

17.02
இவர் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னார்: "கொழும்புக்கே போவம் கமலா. மகன் கூப்பிடுறான்தானே. வீட்டுக்குள்ள ஆக்கள் தூக்கிக்கொண்டு போற மூட்டையா வர எனக்கு விருப்பமில்லை."
துறைமுகத்தில் கப்பல் ஊதினால் என்ன கப்பல் என்று சொல்லுகிற மனிசன். கொழும்பில் ஜன்னலோரம் இருந்து எதைக் கேட்பார்? போகத்தான் வேணுமோ? எனக்கு மனமில்லை. மனமே இல்லை.

20.02
அடுத்த வீட்டு ஸல்ஹா இடியப்பம் கொண்டுவந்தார். சனிக்கிழமை இவரை வீட்டுக்கு விடுகிறார்கள், கார் விட இடமில்லை என்று அவரிடம் சொல்லி அழுதுவிட்டேன். புருஷன் ஸெய்னுதீன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "டீச்சர், சனிக்கிழமை நீங்க ஐயாவக் கூட்டிக்கொண்டு வாங்க. இடத்த நான் பார்த்துக்கொள்ளுறன்."
எப்படி என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தன் இரும்புக்கடைக்குப் போய்விட்டார்.

24.02
சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.
காலையில் ஜீப் சந்தைக்குப் போன கையோடு, ஸெய்னுதீன் வாகை மரத்திலிருந்து மாடிப்படிக் கம்பி வரை தென்னோலைத் தோரணம் கட்டியிருக்கிறார். ஐயாவை வரவேற்ற மாதிரியும் ஆச்சு, தோரணத்தை அறுத்துக்கொண்டு யாரும் வண்டி விடவும் மாட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால், போன கிழமை கடைக்குப் போகிற வழியில் இராசையா வீட்டு வாசலில் கண்ட தோரணத்தை அப்படியே மனதில் வைத்து மடித்திருக்கிறார். இராசையா வீட்டில் நடந்தது செத்தவீடு! நல்ல காரியத்துக்கு, தோரணத்தில் மடிக்கிற ஓலைக் குருவிகள் மேலே பார்க்கும். செத்தவீட்டுக்குக் கீழே பார்க்கும். ஸெய்னுதீன் கட்டியது முழுக்க நிலத்தைப் பார்த்துத் தொங்கியது. பாவம், அவருக்கு அது எப்படித் தெரியும்?
சந்தையால் வந்த யோகலிங்கம் அதைக் கண்டதும் ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாராம். எங்கள் கதவு பூட்டியிருந்தது. ஸெய்னுதீனும் கடையில், ஸல்ஹாவும் வெளியே, கேட்க ஆளில்லை. தன் வீட்டுக் கதிரைகளையெல்லாம் தானே இறக்கி மரத்தடியில் அடுக்கினாராம்.
நாங்கள் காரில் வந்து மரத்தடிக்குத் திரும்பினால் — வெள்ளை வேட்டியோடு, கைகட்டி, கண் சிவந்து நிற்கிறார். சுற்றிவர மற்ற வீட்டுச் சனம்.
இவர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "ஆர் தம்பி மோசம் போனது?"
யோகலிங்கம் தோரணத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.
"ஓ... நானோ!" என்றார் இவர். "எனக்கு வந்த சனத்தோட நானும் கொஞ்சம் இருக்கிறன். ஒரு கதிரை தாருங்கோ."
தானே இறங்கினார். ஊன்றுகோல் சீமெந்தில் உறுதியாக நின்றது. ஒருவரும் பிடிக்கவில்லை, தானே போய் இருந்தார். யோகலிங்கம் பக்கத்தில் குந்திவிட்டார். "இந்த இடத்துக்காண்டி உங்கள மனம் நோகப் பண்ணி அனுப்பிப்போட்டன் எண்டு நினைச்சன் ஐயா... தாங்க ஏலாமப் போச்சு."
"செத்தா இவ்வளவு மரியாதை எண்டு தெரிஞ்சிருந்தா முந்தியே செத்திருப்பனே!" எனக்கு வந்த கோபத்தில் இவரை அங்கேயே ஏசினேன்.
ஸெய்னுதீன் வந்து விஷயம் அறிந்து தலையில் கைவைத்துவிட்டார். "அல்லாவே! மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்." மன்னிப்பதா? பின்னால் வந்த ஸல்ஹாவைக் கட்டிக்கொண்டேன். இந்தச் சனத்துக்கு நான் என்ன கைமாறு செய்வேன்!

27.02
ஜீப் ரோட்டோரம் நிற்கிறது. யாரும் சொல்லவில்லை.

10.03
எங்களைக் கூட்டிப் போகக் கொழும்பிலிருந்து மகன் வந்திருக்கிறான். நாங்கள் கடற்கரையால் திரும்பியபோது அவன் கார் வெளிவாசல் மணலில் நின்றது. அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாடிப்படியில் குந்தியிருந்தான். மரத்தடியில் விடப் போனவனை மேலேயிருந்து யோகலிங்கம் சத்தம் போட்டு வெளியே அனுப்பினாராம்.
"தம்பி, அது ஐயாவின்ர இடம்!"
"நான் ஐயாவின்ர மகன்."
"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."
இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மகனும் கடைசியில் சிரித்துவிட்டான். நாளைக் காலையில் தனியாகத்தான் திரும்புகிறான்.