டொக்டர் நிறையக் கதைத்த நாள்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுவதற்காக அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் அந்த நீல மட்டைக் கொப்பி கிடந்தது. இடப்பக்கம் என் கையெழுத்தில் பிரெஞ்சு, வலப்பக்கம் உங்கள் கையெழுத்தில் தமிழ். மண்ணீரல், கணையம், பித்தப்பை, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல். ஓரங்களில் உங்கள் மஞ்சள் விரல் பட்ட அடையாளம். சமைத்துக்கொண்டே எழுதித் தந்தவர் அல்லவா நீங்கள். பெட்டிகளுக்கு நடுவே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு நோகிறதா என்று என் கணவர் கேட்டார். ஓம் என்றேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு முகமில்லை. இத்தனை வருடமும் எழுதாமல் இருந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தாதியாகப் படிப்பதற்காக, மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் உங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வாடகைக்கு வந்தேன். அம்மாவும் அப்பாவும் லியோனில். எட்டு வயதில் பிரான்சுக்கு வந்தவள் நான். சாப்பிடவும் ஏச்சு வாங்கவும் போதுமான தமிழ்தான் என்னிடம் இருந்தது. அந்த வருடம்தான் தாதியர் படிப்பைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமாக்கியிருந்தார்கள். அதை நான் ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறி வாங்கும் கடை, புடவைக்கடை, எல்லா இடமும் சொல்லி வைத்துவிட்டீர்கள். "எங்கடை வீட்டிலை ஒரு யூனிவெர்சிற்றிப் பிள்ளை இருக்கு." எனக்கு வெட்கமாக இருப்பது போல நடிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கும்.

நீங்கள் ஊரில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் உயிரியல் படித்தவர். சோதனை எழுத விடாமல் சண்டை வந்துவிட்டது. இங்கே விடியற்காலையில் போய் அலுவலகங்கள் துடைத்துவிட்டு, ஒன்பதரைக்கு வந்து, தேத்தண்ணியோடு என் புத்தகங்களைப் புரட்டுவீர்கள். பிரெஞ்சு விளங்குகிறதா என்று ஒருநாள் கேட்டேன். "படத்துக்கு என்ன பாஷை?" என்றீர்கள். சிறுநீரகத்தின் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாகத்துக்கும் தமிழ்ப்பெயர் சொன்னீர்கள். அப்படித் தொடங்கியதுதான் அந்தக் கொப்பி.

இரத்த அழுத்தம் பார்க்கப் பழகியதும் உங்கள் கையில்தான். பட்டியை இறுக்கிவிட்டுச் சத்தம் கேட்காமல் நான் முழிசிக்கொண்டிருக்க, "கை நீலமாக முதல் ஒரு முடிவுக்கு வா பிள்ளை" என்பீர்கள். நான் அண்ணை என்று கூப்பிடும் உங்கள் கணவர் அடுப்படியிலிருந்து சிரிப்பார். சாப்பாட்டுக்கடைக் குசினியில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து வீட்டிலும் உங்களுக்காகச் சமைக்கிற மனுஷன் அவர்.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் நீங்கள் மெலிந்தீர்கள். நோயாளியின் எடையைக் கிழமைதோறும் பார்க்க வேண்டும், காரணமில்லாமல் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று அதே மாதம்தான் வகுப்பில் படித்தேன். வீட்டுக்கு வந்து உங்களைப் பார்த்து, "மெலிஞ்சு வடிவா இருக்கிறீங்கள் அக்கா" என்றேன். நீங்களும் சந்தோசப்பட்டீர்கள். சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டீர்கள்.

பிறகு வயிற்று நோவு, சோதனைகள், ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். வைத்தியரைப் பார்க்கும் நாளைக் குறிக்க நான்தான் தொலைபேசி எடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்யலாம், செலவில்லை என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். தேவையில்லை, நான் தாதியாகப் படிக்கிறேன், எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அந்தப் பெண், மிகவும் நல்லது என்றாள். அந்த "மிகவும் நல்லது" எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்று காலை நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கூடாத நோயாக இருந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். "அவள் பயத்திலையே போயிடுவாள். நல்லதாச் சொல்லு பிள்ளை." நான் தலையாட்டினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் இப்படித்தான் நடக்கும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், படுக்கையில் கிடப்பவருக்கு மட்டும் தெரியாது. ஆனால் அது தவறென்று சொல்லிக் கொடுக்கப்பட்டவள் எங்களில் நான் ஒருத்திதான்.

வைத்தியர் ஓர் அமைதியான பெண். என்னைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தே கதைத்தார். பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது, மருந்து கொஞ்சக் காலம் பிடித்து வைக்கும், குணப்படுத்தாது. சொல்லிவிட்டு நிறுத்தி, எனக்கு நேரம் தந்தார். நீங்கள் என் வாயைப் பார்த்தீர்கள்.

"குடல்லை ஒரு புண்ணாம் அக்கா. மருந்து ஏத்தினால் ஆறிடுமாம்."

சொல் தெரியாமல் இல்லை. பெருங்குடலும் கல்லீரலும் நீங்களே எழுதித் தந்த சொற்கள். அண்ணைக்குக் கொடுத்த வாக்கு என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையல்ல. உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் நிம்மதியாக மூச்சு விட்டீர்கள். வைத்தியருக்கு அது விளங்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் யாராவது தூரத்தில் இருந்தால் இப்போதே போய்ப் பார்க்க வேண்டும், மருந்தை இரண்டு மூன்று கிழமை தள்ளிப் போடலாம், பிறகு உடம்பு இடம் கொடுக்காது என்றார். அதை நான் தமிழில் சொல்லத் தொடங்கவே இல்லை. நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.

"பங்குனியிலை திருச்சிக்குப் போய்த் தேவியைப் பாத்திட்டு வரட்டோ எண்டு கேள் பிள்ளை."

தேவி உங்கள் ஒரே தங்கை. பதினேழு வருடமாகக் காணாதவள். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்திருந்தாள். அகதிக் கடவுச்சீட்டோடு நீங்கள் ஊருக்குப் போக முடியாது, அதனால் இரண்டு பேரும் திருச்சியில் சந்திப்பதென்று மாதக்கணக்காகத் தொலைபேசியில் திட்டம் போட்டீர்கள். அவளுக்கென்று வாங்கிய சேலை கட்டிலுக்கடியில் சூட்கேசில் இருந்தது.

நான் வைத்தியரிடம் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பக்கம் திரும்பி, "முதல்லை மருந்தை முடிக்கட்டாம். பிறகு ஆறுதலாப் போகலாமாம்" என்றேன். வைத்தியர் சொன்னதற்கு நேர்மாறானதை அவர் சொன்னதாகவே சொன்னேன். உங்களுக்கு எல்லாம் விளங்கியதா என்று வைத்தியர் என்னைக் கேட்டார். விளங்கியது என்றேன். நீங்கள் அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னீர்கள்.

வாசலில் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். உங்களிடம் புண் என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்றதும், நல்ல வேலை செய்தாய் பிள்ளை என்றார்.

அந்தப் பங்குனியில் நோயாளியின் உரிமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தன் உடம்பில் நடப்பதை அறியும் உரிமை, அறிந்து முடிவெடுக்கும் உரிமை, குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராக வைப்பதன் ஆபத்து. இருபதுக்குப் பதினேழு கிடைத்தது. புள்ளி வந்த நாளில் நீங்கள் கேசரி கிண்டினீர்கள். மருந்து ஏற்றிய கை வீங்கியிருந்ததால் கரண்டியை இடக்கையில் பிடித்துக் கிண்டினீர்கள். நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆடியில் நீங்கள் படுக்கையோடு ஆனீர்கள். ஒரு மத்தியானம் உங்கள் கால்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். யன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "பிள்ளை, அண்டைக்கு டொக்டர் நிறையக் கதைச்சவ. நீ கொஞ்சமாத்தான் சொன்னனீ."

கோபம் இருக்கவில்லை உங்கள் குரலில். கேட்கிறீர்களா, சும்மா சொல்கிறீர்களா என்றும் தெரியவில்லை. அப்போதுகூட நேரம் இருந்தது அக்கா. திருச்சிக்குப் போகத்தான் நேரமில்லை. தேவியோடு தெரிந்துகொண்டு கதைக்க, அழ, ஏச, சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிரெஞ்சுக்காரர் அப்பிடித்தான் அக்கா, சின்ன விசயத்துக்கும் நீட்டி முழக்குவினம்." நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். பிறகு மற்றக் காலை நீட்டினீர்கள். அதற்குப் பின் நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

சவப்பெட்டிக்குள் அந்தச் சேலையை வைக்கலாமா, தேவிக்கு அனுப்பலாமா என்று அண்ணை என்னைத்தான் கேட்டார். அனுப்பச் சொன்னேன்.

இப்போது நான் வேலை செய்யும் வார்டில் தமிழ் ஆட்கள் வந்தால், இளம் வைத்தியர்கள் என்னைத் தேடி வருவார்கள். நல்லதோ கெட்டதோ, நோயைச் சொல்கிற நேரத்தில் நான் மொழிபெயர்ப்பதில்லை. வெளியாளைக் கூப்பிடுங்கள் என்பேன். தமிழச்சியாக இருந்துகொண்டு பெரிய எடுப்பு என்று நோயாளியின் சொந்தக்காரர் முணுமுணுப்பது காதில் விழும். அப்போது நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சொன்னது முழுவதும் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சொல் குறைந்தாலும் நிறுத்திவிடுவேன். இதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான்.

தேவி வருடம் தவறாமல் பொங்கலுக்குச் செய்தி அனுப்புகிறாள். உங்களுக்குத் திடீரென்று முற்றிவிட்டது, இல்லாவிட்டால் எப்படியும் வந்திருப்பீர்கள் என்றுதான் இன்னும் நம்பியிருக்கிறாள். கடைசி நேரத்தில் ஒரு படித்த பிள்ளை பக்கத்தில் இருந்தது அக்கா செய்த புண்ணியம் என்று எழுதுவாள். நான் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்வேன். வேறு யாருக்கோ வந்த பொதியைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போல இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தாள். "என்ரை மகளுக்குத் தாதிப் படிப்புக் கிடைச்சிருக்கு. உங்களைப் போல வரவேணும் எண்டு நிக்கிறாள்."

வேலைக்குப் போகும் ரயிலில் அதை வாசித்தேன். வைத்தியர் சொன்னதையும் நான் சொன்னதையும், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. "வடிவாப் படிக்கச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவிட்டு இறங்கினேன்.