தொடாமல் நின்றவள்

மார்கழி, திங்கள்

பனி. காட்டுப்பாக்கத்தில் எதிர் பிளாட்டே தெரியவில்லை. கீசர் புட்டுக்கொண்டது. ஹவுஸ் ஓனர் "பாக்கலாம் தம்பி" என்றார். அவர் பார்ப்பதற்குள் பங்குனி வந்துவிடும்.

வாங்க: வாட்டர் ஹீட்டர் ராடு, இட்லி அரிசி, பாப்பாவுக்கு இருமல் மருந்து.

ராடு வாங்கியாச்சு. மனைவி க. உடனே சட்டம் போட்டாள். "சுவிட்ச ஆஃப் பண்ணி, பிளக்கப் புடுங்கிட்டுத்தான் தண்ணில கை வைக்கணும். சரியா?"

"உத்தரவு மேடம்" என்று சல்யூட் அடித்தேன். முறைத்தாள்.

புதன்

ராடு பட்டு பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை. என் மூளை சும்மா இருக்குமா? பரணில் கிடந்த எவர்சில்வர் வாளியை இறக்கினேன். மாமியார் வீட்டுச் சீர். உருகவே உருகாது. க. தூங்கிக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. ஆபீஸில் நாள் முழுக்க மீட்டிங். பூ.மல்லி ரோட்டில் டிராபிக், தலைவலி.

வியாழன்

கையில் கட்டு. கோணல்மாணலாக எழுத்து.

காலையில் பாத்ரூமில் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்க, வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டு விரலை விட்டேன். சுவிட்சை அணைக்கவில்லை. வெறுங்கால், ஈரத் தரை. கை பிடியோடு ஒட்டிக்கொண்டது. கத்த வாய் வரவில்லை, மாடு மாதிரி ஒரு சத்தம்.

பாப்பாதான் முதலில் ஓடி வந்தாள். மூன்று வயசு. "அப்பா" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. பின்னாலேயே க.

பாப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இன்னொரு கை கதவுக்கு வெளியே இருந்த சுவிட்சில். என்னைத் தொடவே இல்லை. நான் கீழே விழுந்தேன். பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள். அப்பப்பா, அந்த அழுகை!

ஈ.சி.ஜி. நார்மல். உள்ளங்கையில் கொப்புளம். லீவு சொல்லியாச்சு.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால்? ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன். இரண்டு பேரும் காலி. என்ன பொம்பளைடா சாமி!

வெள்ளி

எலக்ட்ரீஷியன் வந்தார், அண்ணனூர்க்காரர். வாளியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார், சில்வர் வாளிலயா ராடு போடுவாங்க? தங்கச்சி கீறதால பொழச்சிக்கினு கீற."

கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச் ஒன்று மாட்டினார். க. விடவில்லை. "டெஸ்ட் பட்டன அமுக்கிக் காட்டுங்கண்ணே. இன்னொரு வாட்டி." எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இட்லி அரிசி மறந்தே போச்சு.

ஞாயிறு

வெயில். பூரி. க. தேய்க்க, நான் ஒரு கையால் பொரிக்க. விருதுநகரிலிருந்து அம்மா போன், ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன். அதுதான் தப்பு.

"ஏன்டா, கட்டின புருஷன் துடிக்கிறான், ஒரு கை தொடாமலா நின்னா? கல்நெஞ்சக்காரி."

க.வின் பூரிக்கட்டை நின்றுவிட்டது. நிமிரவில்லை. எனக்கு வந்ததே கோபம். அடுப்பை அணைத்தேன்.

"அம்மா, அவ என்னத் தொட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். அடுத்து உன் பேத்தி வந்து எங்களத் தொட்டிருப்பா."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

"போன அவகிட்ட குடுடா."