குங்குமப் பொட்டு வைத்த லேப்டாப்

என் வசந்தா அக்காவுக்கு,

கன்னத்தில் இரண்டு முத்தம், தலையில் ஒரு குட்டு. முத்தம் எதற்கென்று உனக்கே தெரியும். குட்டு, வீட்டில் வைஃபை வராமல் போனால் என்ன செய்வதென்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்ததற்கு.

அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நேற்று விஜயதசமி. நம் ஆரி எம்ப்ராய்டரி கிளாஸை மறுபடி தொடங்கிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று தெரிந்தால் நீயும் அங்கே யாரையாவது பிடித்துக்கொண்டு சிரிப்பாய். அங்கே சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்களா? நீ எங்கே போனாலும் அரைமணியில் நாலு பேரைச் சேர்த்துவிடுகிறவளாயிற்றே.

தையில் நீ போன பிறகு கிளாஸ் நின்றது. துணி கட்டும் சட்டங்களை எல்லாம் ஹாலில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்துவிட்டேன். படிக்கிறவர்கள் போன் செய்து கேட்டார்கள். சித்திரை போகட்டும் என்றேன், அப்புறம் ஆடி போகட்டும் என்றேன். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியும், சொல்லிக்கொடுக்கவும் தெரியும். ஆனால் கிளாஸ் ஆன்லைனுக்குப் போன நாளிலிருந்து ஊசி நம் இருவருக்கும் பொது, ஒயர் உனக்கு மட்டும் என்றல்லவா இருந்தோம்? லேப்டாப்பைத் திறப்பது, இணைப்பது, மீட்டிங் போடுவது எல்லாம் நீ. நீ 'வா' என்றதும் வந்து உட்கார்ந்து தைப்பவள் நான்.

கடைசியில் ஊரப்பாக்கம் நதியாதான் என்னை மடக்கினாள். "மேடம், விஜயதசமிக்கு ஆரம்பிச்சிடுங்க. அன்னைக்கு ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். என்னை எனக்குத் தெரியும் அக்கா. அந்த நாள் தவறினால் தீபாவளி ஆகட்டும் என்பேன், பிறகு பொங்கல் ஆகட்டும் என்பேன், அப்புறம் சட்டங்களை மாடிக்கு ஏற்றிவிடுவேன். நீ தொடங்கிய கிளாஸ் என் சோம்பலிலும் பயத்திலும் செத்துப்போயிருக்கும்.

முந்தின நாள் ஆயுத பூஜை. தாம்பரம் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி மூட்டை, நடுவில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் பஸ். அந்த நெரிசலில் புகுந்து என் வீட்டுக்காரர் சாமந்தியை மட்டும் ஒரு கூடை வாங்கி வந்தார். நீ வாய் நிறைய 'தம்பி, தம்பி' என்று செல்லம் கொடுத்துக் கெடுத்த அதே மனிதர்தான்.

ஆரி ஊசிகள், கத்தரிக்கோல்கள், ஸ்கூட்டி சாவி, அவருடைய ஸ்பானர் பெட்டி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தன. "லேப்டாப்பும் ஆயுதம்தானே?" என்று உன் லேப்டாப்பையும் கொண்டுவந்தார். அதோடு விட்டாரா? ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி அதையும் மணையில் ஏற்றி, சாமந்தி மாலை சாத்தினார். இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் மாலையோடு அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். மேல் வரிசை பட்டன்களில், வாசக்காலுக்கு வைப்பதுபோல, இடம் விட்டு இடம் விட்டுச் சந்தனம் அப்பி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் குங்குமம் வைத்தார்.

"மூடி மேல ஒரு பொட்டு வெச்சா போதாதா?" என்றேன்.

"வேலை செய்யறது உள்ள இருக்கிற பட்டன்தானே சுமதி? மூடியா வேலை செய்யுது?"

இந்த வாதத்துக்கு நீ இருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாய். கற்பூரம் காட்டினோம், சுண்டல் தின்றோம்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர்தான் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எச்சரித்தார். ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று அவரும் கிளாஸில் சேர்ந்திருக்கிறார். "சுமதி, நாளைக்குக் கிளாஸ். இன்னைக்கே ஒருவாட்டி ஆன் பண்ணிப் பாத்துடும்மா."

"பூஜைல வெச்சதை நாளைக்குக் காலைலதான் டீச்சர் எடுக்கணும்."

"சரி, உங்க வழக்கம் அது. நான் எதுக்கும் கர்த்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெக்கிறேன்."

போனை மட்டும் நம் வீட்டில் யாரும் பூஜையில் வைப்பதில்லை என்பதை நீ கவனித்திருக்கிறாயா? சரஸ்வதிக்கு முன்னால் வைத்தால் ஒரு நாள் முழுக்கத் தொட முடியாதே. அதற்கு மட்டும் எல்லார் வீட்டிலும் விதிவிலக்கு.

விஜயதசமி காலையில் குளித்து, உன் மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டேன். ஒன்பதரைக்குக் கிளாஸ், பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டினேன். லேப்டாப்பை எடுத்து வைத்துத் திறந்தேன். திரை வந்தது, நெட் வரவில்லை. மூலையில் எப்போதும் இருக்கும் விசிறி போன்ற வைஃபை சின்னத்தைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாக என்னவோ குட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போடவில்லையா, ஈ என்று நினைத்துப் புடவைத் தலைப்பால் விரட்டினேன். அது அசையவில்லை. ஈ எச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் ரவுட்டரிடம் ஓடினார். பிளக்கைச் சொருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. "பாரு, எல்லாம் பச்சை பச்சையா எரியுது" என்றார், தானே ஏற்றி வைத்தது மாதிரி. லேப்டாப்பில் ஒன்றும் நடக்கவில்லை. மாலைதான் சிக்னலைத் தடுக்கிறது என்று மாலையைக் கழற்றினார். அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். நான் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கம்பெனிக்குப் போன் செய்தால், எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வீணை வாசிக்க விட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் குரல். "சுமதி, லிங்க் ஓப்பன் ஆகுது, உள்ள விட மாட்டேங்குதும்மா! நெட் இல்லையா? நீ ரீஸ்டார்ட் பண்ணு, நான் ஜெபம் பண்றேன்!"

"போன்லயே நடத்திடேன்" என்றார் இவர்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். "போனை ஸ்டாண்டுல மாட்டி என் கைக்கு மேல வெச்சாத்தான் அவங்களுக்கு ஊசி தெரியும். அவங்க கையை நான் எதுல பாக்குறது, உங்க நெத்தியிலயா? மீட்டிங் வேற அக்கா போட்டு வெச்சது, இந்த லேப்டாப்லதான் இருக்கு. பட்டன்ல பொட்டு வைக்கத் தெரிஞ்சுது இல்ல, இப்ப நெட்டை வரவழைங்க!" பாவம், மனிதர் கையில் சாமந்தி மாலையோடு அப்படியே நின்றார்.

கத்திவிட்டு உட்கார்ந்தபோது பயம் வந்தது அக்கா. உண்மையான பயம். இது நெட் பிரச்சினை இல்லை, நீ இல்லாத பிரச்சினை என்று தோன்றியது. ஒரு சின்னப் பெட்டியைக்கூட இணைக்கத் தெரியாதவள் என்ன கிளாஸ் நடத்தப் போகிறாள்? எல்லாரையும் கூப்பிட்டு, தீபாவளி ஆகட்டும் என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

எடுத்தால், கொட்டோ கொட்டென்று மெசேஜ் வந்து விழுகிறது. "மேடம், உள்ள விடலையா?" "மேடம், துணி கட்டி ரெடி." நதியா தன் சட்டத்தைப் படம் எடுத்தே அனுப்பியிருந்தாள். போனின் உச்சியில் விசிறிச் சின்னம் நிமிர்ந்து நிற்கிறது! சட்டென்று உறைத்தது. வீட்டில் நெட் இருக்கிறது. ரவுட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது, கோளாறு குக்கரில். இவ்வளவு நேரம் அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியைத் தேடிப் போட்டேன். லேப்டாப் மூலையில் இருந்தது ஈயும் இல்லை, எச்சமும் இல்லை. விமானம்! குட்டியூண்டு விமானம். நம் ஏரியா மேல் தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்குமே, அதன் பொம்மை மாதிரி. நீ பெங்களூருக்குப் பறந்தபோது போனில் ஏரோபிளேன் மோடு போடச் சொன்னார்கள், போட்டதும் எல்லாத் தொடர்பும் அறுந்துவிட்டது என்று கதை சொன்னாயே, அது நினைவுக்கு வந்தது. பட்டன்களைப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு பட்டனிலும் அதே விமானம், தலையில் குங்குமத்தோடு. முந்தின நாள் திறந்ததுமே திரை விழித்திருக்கிறது. இவர் அது தெரியாமல் பக்தியோடு அழுத்திப் பொட்டு வைத்து, லேப்டாப்பை நம் செம்பாக்கத்திலிருந்தே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அழுத்திப் பார்த்தேன், பட்டன் இறங்கவில்லை. சந்தனம் நாலு பக்கமும் காய்ந்து சிமெண்ட் பூசினாற்போல் பிடித்துக்கொண்டிருந்தது. நகம் நுழையவில்லை. பூஜையிலிருந்து எடுத்த ஆரி ஊசி பக்கத்திலேயே இருந்தது. அதன் கொக்கி முனையை இடுக்கில் விட்டு, ஜாக்கெட்டில் தப்பாகப் போட்ட தையலைப் பிரிப்பதுபோல மெதுவாகச் சந்தனத்தை நெம்பி எடுத்தேன். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச் காட்டினார். ஊதிவிட்டு அழுத்தினேன். 'டக்' என்று இறங்கியது. விமானம் மறைந்தது. தெருவில் இருக்கிற வீட்டு வைஃபை எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நம்முடையது தானாகவே இணைந்துகொண்டது.

"வந்துடுச்சு டீச்சர்!" என்று நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. "ஸ்தோத்திரம்!" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. இவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "சந்தனம் கொஞ்சம் கெட்டியாயிடுச்சு போல" என்றார். திரையிலேயே அந்த விமானத்தைத் தொட்டு அணைத்திருக்கலாம் என்று டீச்சர் பிறகு சொன்னார். இருக்கட்டும். எனக்கு என் வழிதான் பெருமை.

மீட்டிங்கைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டமாக முகங்கள் வந்தன. நல்ல நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே எல்லார் முகமும் ஒரே மாதிரி நின்றுபோயிருந்தது. நெட் மறுபடி போய்விட்டதோ என்று பதறினேன்.

"மேடம்," என்றாள் நதியா, மெல்லிய குரலில். "அக்கா பேரு வருது."

பார்த்தேன். என் முகத்துக்குக் கீழே 'வசந்தா' என்று இருந்தது. உன் லேப்டாப், உன் மீட்டிங். வேறு எந்தப் பெயர் வரும்? எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று அக்கா. துக்கம் என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்த கை சட்டென்று அகப்பட்டால் வருமே, அந்தச் சந்தோஷம். இவர் பின்னாலிருந்து "மாத்திடவா?" என்று கிசுகிசுத்தார். "இன்னைக்கு இருக்கட்டும்" என்றேன்.

பிறகு தைத்தோம். ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தால் முதல் கண்ணி. அதற்குள் அடுத்தது. டீச்சரின் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் "ஐயோ ஆண்டவரே" என்றார். நதியாவின் கோடு நெளிந்து வளைந்து போயிற்று. ஒருவர் கோணலைப் பார்த்து ஒருவர் சிரித்து, மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்த ஹால் சந்தைக்கடை ஆனது. உனக்குப் பிடித்த சத்தம்.

முடிக்கும்போது நதியா கேட்டாள். "மேடம், முன்ன மாதிரி வெள்ளிக்கிழமையும் கிளாஸ் உண்டா?"

இத்தனை வருஷமாக யார் எதைக் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்தான், 'அக்காவைக் கேட்டுச் சொல்றேன்'. நேற்றும் அதுதான் வந்தது. 'அக்கா' என்று சொல்லியே விட்டேன். எல்லாரும் காத்திருந்தார்கள். நீ பதில் சொல்லவில்லை. நானும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது?

"உண்டு" என்றேன். "வெள்ளிக்கிழமை பத்து மணி. லேட்டா வர்றவங்களை உள்ள விட மாட்டேன்."

உன்னைக் கேட்காமல் நான் சொன்ன முதல் நேரம் அது. கோபமில்லையே? அப்புறம் நானே தட்டித் தட்டிப் பெயரை எப்படி மாற்றுவது என்று கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டத்தில் 'சுமதி' என்று இருக்கும். யார் கேட்டாலும் நானே பதில் சொல்வேன். சத்தியம்.

இப்படிக்கு, இனி உன்னைக் கேட்காமலே நடத்தப் போகிற,
உன் தங்கை