நடுவில் விட்ட இரண்டெழுத்து

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அங்கே நீ எப்படி என்று நீ எழுதினால்தானே தெரியும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள், அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. நேற்று அம்மா உன் தலையணைக்கு உறை மாற்றினாள். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

உன் பழைய கம்பெனி ஃபோர்மேன் வீட்டுக்கு நான் போய்வருவது தெரிந்ததும், 'அவன் காலையே பிடித்துக்கொண்டு இருங்கள்' என்று ஒற்றை வரி எழுதினாய். பிறகு ஐந்து மாதமாக ஒன்றும் இல்லை. உன் கோபம் நியாயம். வேலை வேகமாக ஓட வேண்டும் என்று தகடு வெட்டும் மெஷினின் மூடியைக் கழற்ற வைத்தவன் அவன். உன் மூன்று விரல் போனதும், பையன் குடித்துவிட்டு வந்தான் என்று விசாரணையில் சொன்னவனும் அவனே. ஒரு சொட்டுத் தொடாத பிள்ளையை ஊரே குடிகாரன் என்றது. அவன் செத்தால்தான் இந்த ஊரில் கால் வைப்பேன் என்று நீ பையைத் தூக்கி ஆறு வருடம் ஆகிறது.

நான் அங்கே போன கதை உனக்கு முழுசாகத் தெரியாது. வெட்கத்தில் அம்மாவைக்கூட எழுதவிடவில்லை.

போன வருடக் கடைசியில் அவனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கேட்டதும் சந்தோஷப்பட்டேன், மறைக்கமாட்டேன். அவன் போய்விட்டால் நீ வந்துவிடுவாய் அல்லவா? ஆலயத்து ஜெபப் பெட்டியில், பெயர் போடாமல், 'ஃபோர்மேன் சாக வேண்டும்' என்று சீட்டு எழுதிப் போட்டேன். கிறிஸ்தவன் எழுதுகிற சீட்டா அது? எழுதினேன். வழக்கமாகப் போதகர் சீட்டுகளைப் பார்த்து மனசுக்குள் ஜெபிப்பார். அன்றைக்கென்று வாய்விட்டு வாசித்தார். என் சீட்டைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரித்தார். "இது நம்ம பீரோ தூக்குறவர் எழுத்து, பேரே வேண்டாம். 'சு'வுக்குக் காலப் போட்டு, வழக்கம்போல நடுவுல ரெண்டெழுத்த முழுங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு, 'ஃபோர்மேன் சுகமாக வேண்டும்' என்று வாசித்தார். லீவு லெட்டரில் விடுமுறையை 'விடுறை' என்று எழுதி உன் டீச்சரைச் சிரிக்க வைத்தவன்தானே நான், யார் சந்தேகப்படுவார்கள்? சபையே ஆமென் என்றது. என் வாயும் சொல்லித் தொலைத்தது.

ஆராதனை முடிந்ததும் ஃபோர்மேன் மனைவி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நாங்க பண்ணினதுக்கு, நீங்களாண்ணே" என்றார். யாரும் வாசல் மிதிப்பதில்லை, புரட்டிப் போட ஆள் இல்லாமல் முதுகு புண்ணாகிவிட்டது என்றார். இல்லம்மா, சாகணும்னுதான் எழுதினேன் என்று நான் எப்படிச் சொல்ல?

மறுநாள் காலையில் போனேன். இரக்கப்பட்டு இல்லை, எத்தனை நாள் தாங்குவான் என்று பார்க்க. அந்த அம்மா அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் புண்ணைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டேன். நாற்பது வருடம் அடுத்தவர் வீட்டுச் சாமானை மாடிக்கு ஏற்றியவன் நான். பாரத்தை எங்கே பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் போகிறேன். பீரோ இவனைவிடச் சுலபம், அது நம் முகத்தைப் பார்க்காது.

ஒருநாள் தூக்கும்போது கையை விட்டுவிடலாமா என்றிருந்தது. உன் விரல்தான் ஞாபகம் வந்தது. விடவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இப்போது அவனுக்குப் பேச்சு ஓரளவு வந்திருக்கிறது. ஆனால் சொன்ன பொய்யைப் பொய் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கூலிக்குத் தூக்கியதாக ஆகிவிடும். அம்மாதான், "நீங்க எழுதாத ரெண்டெழுத்த ஆண்டவரே போட்டுட்டாரு, இனி என்ன பண்றது" என்கிறாள்.

போன வாரம் டாக்டர் வந்து பார்த்தார். புண் ஆறிவிட்டது, இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருப்பார் என்றார். அந்த அம்மா ஸ்தோத்திரம் சொன்னார். நான் வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். உன்னை என் கையாலேயே பதினைந்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டேனே என்றுதான் அழுதேன்.

அய்யா, அவனை மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. விரல் போனது உனக்கு. நீ அவன் தெருப்பக்கம் போக வேண்டாம், அவன் முகத்தில் விழிக்க வேண்டாம். எங்களைப் பார்க்க வா. எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள் அம்மா, நான் அடிக்கவில்லை. போகிற இடமெல்லாம் ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். அவன் சாவுக்குக் காத்திருந்து என் சாவுக்கு வந்து சேராதே, மகனே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா