ஈயத்தில் ஓடும் பெண்

ஸ்பார்ட்டா நாட்டுத் துறைமுகத்தில் இருக்கும், ஒரே மடியில் என்னோடு பால் குடித்த அரேதாவுக்கு, ஏதென்சிலிருந்து லிசில்லா எழுதுவது. நீயும், எனக்குச் செவிலியாக வந்து நம் இருவருக்கும் பால் கொடுத்த நிகாஸா அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

நம் கடிதங்களைக் கொண்டுபோகும் சாய வியாபாரி நாளை கப்பல் ஏறுகிறாராம். அதற்குள் இந்த மெழுகுப் பலகையை நிரப்ப வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவர் அருகில் நானும் உட்கார்ந்திருந்தேன். பாதியிலேயே, தறி காத்திருக்கிறது என்று அப்பா என்னை எழுப்பிவிட்டார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை உனக்கு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஈயப் பொம்மை வந்து சேர்ந்தது. என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை, ஆனாலும் ஓடுகிற பெண்ணின் முழங்கால் தெரிகிறது, பறக்கிற முடி தெரிகிறது. தேவியின் திருவிழா ஓட்டத்தில் நீ முதலாவதாக வந்ததைப் பலமுறை படித்தேன். கூட்டத்தில் நின்ற பையன்களை நீங்களெல்லாம் பாட்டுக் கட்டிக் கேலி செய்தீர்களாமே. அதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "தொடை தெரிய ஓடுறதா? அதை ஊரே நின்னு பாக்குறதா? அவளுக்கெல்லாம் எவன்டி மாப்பிள்ளை வருவான்?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஜெயிச்சா என்ன குடுப்பாங்களாம்?" என்றும் கேட்டார்கள்.

எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஒலிவக்காய் உலுக்கும் காலத்தில் எனக்குக் குழந்தை பிறக்கும். உன்னைவிட ஒரு வயது சின்னவள் நான். உனக்கு இன்னும் மாப்பிள்ளை பேச்சே எடுக்கவில்லை, நான் பிரசவத்துக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாகத் தெருவைப் பார்த்தது பெரியப்பாவின் சாவுக்கு. மேல்மாடிச் சன்னலிலிருந்து பக்கத்து வீட்டுக் கூரையும் ஒரு அத்தி மரமும் தெரியும். அந்த மரத்தில் எந்தக் கிளை எப்போது காய்க்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி என் கணவரைப் பற்றி. தெமேயாஸுக்கு உங்கள் ஊர் என்றால் உயிர். அவர் மட்டுமில்லை, அவருடைய நண்பர்கள் நான்கைந்து பேருக்கும் அதே பித்துதான். ஸ்பார்ட்டாக்காரர்களைப்போல முடியை நீளமாக வளர்த்துக்கொள்கிறார்கள், குளிரிலும் ஒற்றைக் குட்டைப் போர்வைதான். பேச்சையும் சுருக்கிவிட்டார்கள், ஆனால் அந்தச் சுருக்கமான பேச்சை விடியவிடியப் பேசுகிறார்கள். பன்றி ரத்தமும் காடியும் ஊற்றிக் காய்ச்சும் கறுப்புக் கூழ் இங்கேயும் கொதிக்கிறது. நண்பர்கள் பார்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். அவர்கள் போனதும் சமையற்கட்டில் வந்து தேன் பணியாரம் கேட்பார். "பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு, என் புள்ளை மட்டும் குடிக்கிறான்," என்பார்கள் மாமியார்.

சிரிப்புக்குத்தான் இதுவரை எழுதினேன். இனி எழுதுவது சிரிப்புக்கு இல்லை.

போன வாரம் அவர் சொன்னார்: "நம்ம குழந்தையை அவங்க முறைப்படிதான் ஏத்துக்குவேன். முதல்ல மதுவில குளிப்பாட்டணும். தாங்குதான்னு பாக்கணும். அப்புறம் பெரியவங்க கையில கொடுத்துச் சோதிக்கணும். பலமில்லாத பிள்ளை இந்த வீட்டுல வளராது."

இங்கே வழக்கம் வேறு. ஐந்தாம் நாள் அப்பா குழந்தையை ஏந்திக்கொண்டு வீட்டு அடுப்பைச் சுற்றி ஓடுவார். ஓடிவிட்டால் குழந்தை வீட்டுக்குச் சொந்தம். அவர் கையில் எடுக்கவில்லை என்றால், பானையில் வைத்து எங்காவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதற்கு அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் பயப்படுவது மதுவுக்காக மட்டும் இல்லை, அரேதா.

உங்கள் ஊரில் இதெல்லாம் உண்மையா? பெண் குழந்தையையும் சோதிப்பார்களா? தாய் அப்போது எங்கே இருப்பாள்? நிகாஸா அம்மாவிடம் கேட்டு எழுது. இங்கே எனக்குக் கேட்க ஆளில்லை.

உன் லிசில்லா.

⁂

லிசில்லாவுக்கு அரேதா.

அம்மா நலம். எங்கள் துறைமுகத்தில் யாரும் மதுவைக் குழந்தைமேல் ஊற்றுவதில்லை, குடிப்பதற்கே போதவில்லை. பெரியவர்கள் சோதிப்பது ஸ்பார்ட்டா நகரத்து வீடுகளில். அங்கே வேலை செய்தவர்களைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உன் கணவர் எங்கள் நாட்டுக்கு எப்போது வந்தார்?

வாயைத் திற. அவரிடம் பேசு.

⁂

அன்புள்ள அரேதாவுக்கு லிசில்லா எழுதுவது. நிகாஸா அம்மாவுக்கு என் வணக்கம். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது மெதுவாகப் படி.

உன் அந்தச் சில வரிகளும் எனக்கு மனப்பாடம். அவர் உங்கள் நாட்டுக்கு எப்போது வந்தார் என்று கேட்டிருந்தாய். வந்ததே இல்லை. பக்கத்து ஊரான மெகாராவைத் தாண்டியதில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மாமியார் வாசலில் கம்பளிப் பட்டையைக் கட்டினார்கள். ஆண் என்றால் ஒலிவ வளையம் தொங்கும், பெண் என்றால் கம்பளி. அவர்களுக்கு வருத்தம்தான், ஆனாலும் கட்டும்போது நல்ல வெள்ளைக் கம்பளியாகத் தேடி எடுத்தார்கள். தெருவில் பார்த்தவர்கள் வழக்கப்படி கணவாய் மீன் அனுப்பினார்கள். வீடெல்லாம் மீன் வாசனை. எனக்கு அந்த வாசனையில் ஒரு தைரியம் வந்தது. ஊரே மீன் அனுப்பிவிட்டது, இனி யார் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று நினைத்தேன்.

மதுவில் குளிப்பாட்டினார்கள். வேலைக்காரி திராத்தா அவளை ஏந்திக்கொண்டாள், அவரே ஊற்றினார். வலிப்பு வரும், நீலமாகிவிடும் என்றெல்லாம் நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ வீடே அதிரக் கத்தினாள். ஓர் உதை உதைத்தாள் பார், மது முழுக்க அவர் தாடியில். மாமியார் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நின்றிருக்கக் கூடாதா!

உதைத்த காலை அவர் பிடித்துப் பார்த்தார். இடது பாதம் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கொஞ்சம்தான். தினமும் எண்ணெய் தடவி நீவினால் நேராகிவிடும், இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் என்று மருத்துவச்சி சொன்னாள். அவரோ ஐந்தாம் நாள் நண்பர்களை வரச் சொல்லிவிட்டார்.

ஆண்கள் கூடத்தில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் பெரியவர்களைப்போல ஆளுக்கொரு தடியை மடியில் வைத்திருந்தார்கள். நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். குழந்தை கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவர், "குரல் நல்லாருக்குடா, படைக்கு அனுப்பலாம்," என்றார். இன்னொருவர், "பொம்பளைப் புள்ளைடா அது," என்றார். மூன்றாமவர் பாதத்தை விளக்கருகில் தூக்கிப் பிடித்தார். "இது அங்க தேறாது," என்றார்.

அப்போது நான் வெளியே போனேன், அரேதா.

நம்ப மாட்டாய். எனக்கே நம்ப முடியவில்லை. வேற்று ஆண்கள் முன்னால் நான் நின்றதே இல்லை. முக்காடு நழுவியது, கதவைப் பிடித்துக்கொண்டேன். "அந்த ஊர்ல பொம்பளைங்க ஓடுவாங்க. வெளிய போவாங்க. ஆம்பளைங்க முன்னாடி பேசுவாங்க. அதையெல்லாம் விட்டுட்டு இதை மட்டும் ஏங்க கொண்டுவந்தீங்க?" என்று கேட்டேன். இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். தறியடியில் உட்கார்ந்து பல நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. அவ்வளவுதான் வந்தது.

தடிகளைப் பிடித்தபடி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தொடையைத் தட்டினார். "டேய் தெமேயாஸ்! நீ கூழு குடிச்சு ஒண்ணும் ஆகலை, உன் பொண்டாட்டிதான்டா அசல் ஸ்பார்ட்டாக்காரி!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கிண்ணத்தை உயர்த்தினார்கள். என் கணவர் முகத்தில்கூடப் பெருமை தெரிந்தது. கோபப்படுவார், அடிப்பார் என்று எண்ணித்தான் போயிருந்தேன். சிரிப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. கோபத்துக்குப் பதில் சொல்ல வார்த்தை வைத்திருந்தேன். சிரிப்புக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியில் அவர்களில் ஒருவரே எழுந்தார். "விளையாட்டு போதும்டா. புள்ளையைத் தூக்கிட்டு அடுப்பைச் சுத்து, மீனைச் சாப்பிடுவோம்," என்றார். என் கணவர் கொஞ்சம் யோசித்தார். நான் பார்த்தேன், அவர் கை குழந்தைப் பக்கம் அசைந்தது. பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "ஸ்பார்ட்டாக்காரன் சொன்ன சொல்லை மாத்துவானா?" என்றார்.

மாமியார் அவர் காலில் விழுந்தார்கள். விதவை, மகன் சோற்றைத் தின்பவர்கள், அதற்கு மேல் அவர்களால் என்ன முடியும்? பிறகு அவர்களே வாசலுக்குப் போய்க் கம்பளியை அவிழ்த்து, அதிலேயே குழந்தையைச் சுற்றிக் கொடுத்தார்கள். நான் உன் ஈயப் பொம்மையைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டினேன். பால் கொடுத்தேன். தூங்கிவிட்டாள்.

திராத்தா விடியற்காலையில் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். மலைப்பக்கம் வைக்கச் சொல்லியிருந்தார். அவள் துறைமுகப் பாதையில், பெண்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கருகே வைத்துவிட்டாள். "பொம்பளைங்க கண்ணுல படட்டும்னு வச்சேன் சின்னம்மா," என்றாள். குடத்தை நிரப்பிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது பானை இல்லையாம். யார் எடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. பிள்ளைக்காக எடுத்தார்களா, பானைக்காக எடுத்தார்களா, அதுவும் தெரியவில்லை. எடுத்து வளர்த்துப் பிறகு விற்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் தறியடியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வெளியே போய்த் தேட எனக்கு வழியில்லை. மேல்மாடிச் சன்னலில் அத்தி மரம்தான் தெரிகிறது.

பால் கட்டி மார்பு வலிக்கிறது. திராத்தா துணியால் இறுக்கிக் கட்டுகிறாள். நிகாஸா அம்மா ஒரு மடியில் இரண்டு பேரை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுது.

ஊரில் இப்போது உங்களோடு சண்டை வரும் என்று பேச்சு. மக்கள் கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே கத்துகிறார்களாம். நேற்று அவர் முடியை வெட்டிக்கொண்டார். குட்டைப் போர்வையைத் திராத்தாவிடம் தரை துடைக்கக் கொடுத்துவிட்டார். கூழும் நின்றுவிட்டது. மாமியார் அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். 

துறைமுகத்தை மூடிவிடுவார்கள், இதுதான் தன் கடைசிப் பயணமாக இருக்கும் என்கிறார் சாய வியாபாரி. அதனால் நீ பதில் எழுதினாலும் எனக்கு வராது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கப்பல்கள் எங்கெங்கோ போகின்றன, பிள்ளைகளும் எங்கெங்கோ போய்ச் சேருகிறார்கள். எப்போதாவது, எந்த ஊர்க் கடைத்தெருவிலாவது, கழுத்தில் உன் ஈயப் பொம்மையோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் என் பெயரைச் சொல்லாதே. அழாதே. திடலுக்குக் கூட்டிப் போய் ஒருமுறை ஓடச் சொல். இடது பாதம் நேராக விழுகிறதா என்று எனக்காகப் பார்.

தேவி உன் கால்களைக் காக்கட்டும். நீ ஓடிக்கொண்டே இரு.

உன் லிசில்லா.