கோடு போட்டும் வெட்டாத கழுத்து

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, மனதார எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். தொண்டைக் கரகரப்பு இன்னும் போகவில்லை, போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

அன்று நம் தையல் கடையில் ஒரு பேண்ட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் வாயில் நாலு குண்டூசி. முதலில் உதடு தடித்தது, பிறகு நாக்கு. டீ கொண்டுவந்த உன் அம்மா, நான் குழறுவதைக் கேட்டு ஊசியை விழுங்கிவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டாள். வாய் என்ன ஊசி டப்பாவா, எத்தனை வருஷமா சொல்றேன் என்று ஒரு பாட்டு. வாழைப்பழத்தை முழுசா முழுங்குங்க, ஊசியையும் கூட்டிக்கிட்டுப் போயிடும் என்று உரித்தும் கொடுத்துவிட்டாள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தேன். பழம் உள்ளே போகுமுன் அவள் உனக்குப் போன் போட்டது என்னைப் பற்றிக் கோள் சொல்லத்தான். நீயோ, ஊசி போனா உதடு ஏம்மா வீங்குது, அப்பா புதுசா என்ன மாத்திரை சாப்பிடறார் என்று கேட்டாய். ரத்த அழுத்தத்துக்குப் பத்து நாளாக விழுங்கிய மாத்திரை எங்கள் இரண்டு பேருக்கும் நினைவே இல்லை. வாயில எதுவும் போடாதே, படுக்க வைக்காதே, உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, மாத்திரை அட்டையை எடுத்துக்கோ என்றாய். அதையே மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வந்தவள், அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்தவரிடம், அவரைப் படுக்க வச்சீங்கன்னா நடக்கறதே வேற என்று மிரட்டினாள்.

உள்ளே இருந்த பெண் டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். அதற்குள் எனக்கு நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, எச்சில் வழிகிறது, மூச்சு விசிலடிக்கிறது. மூக்கு வழியா குழாய் விடப்போறேன், நீங்க முழிச்சுக்கிட்டுதான் இருக்கணும் என்றார் அந்தப் பெண். அதற்கு முன் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, குரல்வளையின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். குழாய் போகாவிட்டால் அந்த இடத்தில் வெட்டி மூச்சுக்கு வழி செய்வார்களாம். நாற்பது வருஷமாகத் துணியில் கோடு போடுகிறவன் நான், அடுத்தது கத்திரிதான் என்று எனக்குத் தெரியாதா? உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அழுதேன். குழாய் இரண்டாவது தடவையில் போனது. மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். வீங்க வைத்தது ஊசி இல்லை, அந்த மாத்திரைதான், அந்த வகை ஆயுசுக்கும் கூடாது என்று எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நீ நர்ஸ் படிக்கப் போகிறேன் என்றபோது, இந்த வீட்டுக்கு ஒரு ஊசி போதும் என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அப்படிச் சொன்ன நாக்குதான் வீங்கியது, அதற்கு வேண்டியதுதான். நீ என் பேச்சைக் கேட்காமல் போனதால்தான் நான் இன்று பேசுகிறேன், சிட்டு. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டியூட்டி முடிந்ததும் நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஊசியை இப்போது டப்பாவில்தான் வைக்கிறேன், அம்மாவிடம் கேட்டுக்கொள்.

கழுத்தில் அந்தக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. உன் அம்மா சோப்போடு துரத்துகிறாள், நான் கழுத்தைக் கொடுக்கவில்லை. நீ லீவில் வந்து ஒருமுறை பார்த்துவிடு, அப்புறம் தேய்க்கட்டும்.

கரகரத்த குரலோடு,
உன் அப்பா