வலி விட்டுவிட்டது, மாமி

என் பிரியத்துக்குரிய மாமிக்கு, ஸலாம்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பதறுவீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி கடையில் தையல் மெஷின்மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சுருண்டு கிடந்த காலம் நினைவிருக்கிறதா? கணையத்தில் கோளாறு என்றதும் எல்லோரும் குடிப்பீங்களா என்றுதான் கேட்டார்கள். மொரப்பூர் கல்யாணத்தில் உங்கள் கொழுந்தனாரே, "அளவா குடிச்சிருந்தா இந்த வலி வருமா?" என்றார். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தீர்கள்.

"எம் மருமவன் டீயைத் தவிர ஒண்ணும் தொட்டதில்லைங்க. குடிக்காதவங்களுக்கும் இது வருதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. தெரியாம பேசாதீங்க."

பெண்ணைக் கொடுத்தவர் நீங்கள். என்னைச் சந்தேகப்பட எல்லா உரிமையும் உங்களுக்கு இருந்தது. எப்படி மாமி அவ்வளவு உறுதியாக நம்பினீர்கள்?

நீங்கள் மாரடைப்பில் போன பிறகு வலி முற்றியது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. சேலத்தில் வயிற்றைத் திறந்து, கணையக் குழாயில் அடைத்திருந்த கற்களை எடுத்து, குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். "நீங்களும் டெய்லர்தானா சார்?" என்று டாக்டரைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "வலி அடங்கிடும். சுகர் மட்டும் கூடவே இருக்கும்" என்றார்.

அப்படித்தான் இருக்கிறது. தினமும் இன்சுலின் ஊசி, சாப்பாட்டோடு செரிமானத்துக்கு மாத்திரை. ஆனால் உடம்பில் சதை பிடித்திருக்கிறது. போன வாரம் என் பேன்ட்டுகளின் இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கினேன். ஊருக்கெல்லாம் செய்த வேலைதான். எனக்கே செய்துகொண்டபோது கண் கலங்கிவிட்டது.

உங்கள் மகள் நூருன்னிசா? இத்தனை வருடமும் நான் ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது சுளிக்குமோ என்று. அவள் சாப்பாடு ஆறிப்போகும். இந்தப் பெருநாளன்று பிரியாணியில் ஒரு கறித்துண்டைக் கடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் தலைகுனிந்து, ரசித்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நல்லா இருக்குதா?" என்றாள், தட்டிலிருந்து கண்ணெடுக்காமலே.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமி. ஊசியையும் மாத்திரையையும் அவள் நினைவுபடுத்த விடமாட்டேன், நானே பார்த்துக்கொள்வேன். உங்கள் மகள் இனி தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

என்றும் உங்கள் மருமகன்,
அன்வர்